நீ கேட்டதற்குப் பதில்

பாப்பா,

சித்தி மகன் குட்டி போய்விட்டதை ஏன் மூன்று நாள் மறைத்தீர்கள் என்று நீ கேட்டபோது போனில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு ஏழாம் மாதம், அங்கே நீங்கள் இரண்டு பேர் மட்டும், அழுது ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்றுவிட்டேன். கடைசியில் யாரோ ஸ்டேட்டஸில் வைத்த மாலை போட்ட போட்டோவைப் பார்த்து நீ தெரிந்துகொண்டாய். தப்பு என்னுடையதுதான்.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் குட்டி எப்போதும் போல வாலிபால் ஆடப் போயிருந்தான். பந்தை எடுக்க ஓடியவன் அப்படியே மணலில் விழுந்திருக்கிறான். விளையாட்டுக்குப் படுத்திருக்கிறான் என்றுதான் பையன்கள் முதலில் நினைத்தார்களாம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 22 வயது. "என்ன பழக்கமோ" என்று சாவு வீட்டிலேயே என் காதுபடப் பேசினார்கள், சிகரெட்டைத் தொடாத பிள்ளையை!

இதயத் தசை தடித்திருந்தது என்று போஸ்ட்மார்ட்டத்தில் சொன்னார்கள். பரம்பரையாக வருவதாம். பல பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாதாம், ஓடும்போது மயக்கம் வந்தால் அது ஓர் அடையாளமாம். போன சித்திரையில் பஸ்ஸுக்கு ஓடி மஞ்சக்குப்பத்தில் மயங்கி விழுந்தானே, வெயில்தான் என்று சித்தி மோர் கொடுத்துப் படுக்க வைத்தாள். இப்போது அந்த மோரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுகிறாள். மற்றபடி பேச்சே இல்லை. அஸ்தி கரைக்கக்கூட தேவனாம்பட்டினம் வேண்டவே வேண்டாம் என்றாள், அதனால் முதுநகர் பக்கம் போய்க் கரைத்தோம். வரும் செவ்வாய் 16ஆம் நாள் காரியம்.

அப்புறம், உனக்கு வந்த கண்ணாடி வளையல் பார்சலைக் கட்டி போஸ்ட் ஆபீஸில் போட்டது அவன்தான். ஒன்றுகூட உடையாமல் வந்தது என்று நீ சொன்னதை இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெட்டி மேல் இருக்கிற விலாசம் அவன் கையெழுத்து. அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் பரவாயில்லை, இருந்தால் வைத்துக்கொள்.

இன்னொரு விஷயம். ரத்த சொந்தங்கள் எல்லோரும் இசிஜியும் எக்கோவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். சித்திக்குப் பார்த்ததில் லேசான தடிப்பு இருக்கிறது. நான் அவள் கூடப் பிறந்தவள். அதனால் உன் டாக்டரிடம் இப்போதே இதைச் சொல்லி வை, பயப்பட்டுக்கொண்டு இருக்காதே, சும்மா வயிற்றின் மேல் ஸ்கேன் பார்ப்பது போல நெஞ்சின் மேல் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

காரியம் முடிந்ததும் வியாழக்கிழமை நான் பாண்டிக்குப் போய் இசிஜியும் எக்கோவும் எடுக்கிறேன். என்ன வந்தாலும் அன்றைக்கு ராத்திரியே உனக்குப் போன் செய்வேன்.

அம்மா