தோட்டாவுக்கு எந்த டப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செம்பூர், மாட்டுங்கா பக்கம் உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் சிலரைத் தெரியும். துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டுகிறார்கள், தோட்டாவை மட்டும் மிட்டாய் டப்பாவிலோ தோல் பையிலோ போட்டுவிடுகிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தோலைப் பதப்படுத்திய அமிலம் தோட்டாவின் பித்தளைக் கூட்டை அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும், அதிலும் மும்பை மழைக்காலக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் குழி உள்ள, 50 தோட்டா பிடிக்கும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். ஆனால் பாயிண்ட் 32 என்று தோட்டாவின் தடிமனைக் குறிக்கும் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள், அதே பெயரில் வேறு வேறு நீளத் தோட்டாக்கள் உண்டு. பிஸ்டல் தோட்டா சுமார் 25 மில்லிமீட்டர் நீளம்தான், ரிவால்வருக்கான நீளத் தோட்டாவோ 32 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல், அதனால் குழி ஆழம் பொருந்தாவிட்டால் ஒன்று உள்ளே புதைந்து விரலுக்கு அகப்படாது, இல்லையென்றால் மூடி சரியாக மூடாது. கையோடு ஒரு தோட்டாவின் அளவைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. கொண்டி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், கீழே விழுந்தால் திறந்துகொள்ளும் டப்பா எதற்கு?

அப்புறம், டப்பாவோடு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் மூடி பூட்டு ஆகாது, குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவை இரும்புப் பெட்டிக்குள், துப்பாக்கி இல்லாத வேறு பெட்டிக்குள் வைத்துப் பூட்டத்தான் வேண்டும். 2016 ஆயுத விதிகளும் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பை உரிமதாரர் மேல்தான் வைக்கின்றன.

வாசகர், செம்பூர், மும்பை