சல்கந்தாய் கணவாயில் குதிரை பிடித்து வந்தவருக்கு நன்றி

பெருவில் சல்கந்தாய் மலைப்பாதை வழியாக, விடுதி விட்டு விடுதியாக நடந்து மச்சு பிச்சு போய் வந்தோம். சொகுசான நடைதான். மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமக்கும்; சாயங்காலம் வெந்நீர், சூடான சூப், மெத்தை. ஆனால் சுமார் 4,600 மீட்டர் உயரக் கணவாயில் காசு கொடுத்தாலும் மூச்சுக்காற்று கூடுதலாகக் கிடைக்காது.

சோராய்பம்பா என்ற இடத்தைத் தாண்டி ஏறும்போது அக்காவுக்குத் தலைவலி, குமட்டல். அவசரத்துக்கென்று குதிரையோடு கடைசியில் வந்தவர், கெச்சுவா என்ற அந்த மலைநாட்டுப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், யாரும் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து நின்றார். அக்காவை ஏற்றி, தன் போஞ்சோவைப் போர்த்திவிட்டு, கணவாய் வரை கயிற்றைப் பிடித்தபடி நடந்தார். உச்சியில் மூன்று கோகா இலைகளைச் சேர்த்துப் பிடித்து, மலைக்குக் காணிக்கையாக, அதை நோக்கி ஊதினார். எங்களுக்கும் ஆளுக்கு மூன்று தந்தார். பெயர் கேட்பதற்குள் வேறொருவரை ஏற்றிவரக் கீழே போய்விட்டார்.

மறுபக்கம் இறங்கியதும் அக்காவுக்குச் சரியாகிவிட்டது. ஐயா, உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்புறம், போகிறவர்களுக்கு ஒன்று: வழிகாட்டிக்கு எல்லோரும் அன்பளிப்பு தருகிறார்கள், குதிரைக்காரர்களை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கென்று கொஞ்சம் சோல் (பெரு நாட்டுப் பணம்) நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.