குப்பியில் எழுதாத விவரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுக் காயத்துக்கும் மடிநோய்க்கும் நானோ வெள்ளி (கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித் துகளாக்கிய வெள்ளி) மருந்து என்று தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, இரண்டு கலப்பின ஜெர்சி மாடுகள், ஏழெட்டுச் செம்மறிகள் வைத்துப் பிழைப்பவன் நான். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாடு வைத்திருப்பவன் முதலில் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை: மருந்து போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது?

போன ஐப்பசி மழையில் கொட்டகைத் தகரத்தின் விளிம்பு பட்டு ஒரு மாட்டின் பின்காம்பு கிழிந்துவிட்டது. வழியில் மண்சரிவு, டாக்டர் வர இரண்டு நாளாகும் என்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கீழே சமவெளியில் வாங்கிவந்திருந்த ஸ்பிரே ஒன்றைக் கொடுத்தார். 'நானோ சில்வர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எவ்வளவு வெள்ளி, துகள் என்ன அளவு என்று ஒரு வரி இல்லை. அடித்தேன். ஈ மொய்க்கவில்லை, நாலாம் நாள் காயம் காய்ந்துவிட்டது. அந்தப் பாலைப் பால் சொசைட்டிக்கு ஊற்றாமல் வீட்டில் உறை ஊற்றினோம். மறுநாள் தோயவே இல்லை. மலைக் குளிரில் தயிர் தோயாதது அதிசயமா என்று கேட்பீர்கள். அதே அடுப்படியில் இன்னொரு மாட்டின் பால் கட்டித் தயிராக இருந்ததே! இதை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பால் இப்படித்தான் தோயாமல் ஏமாற்றும் என்பது எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளியும் கிருமியைக் கொல்லும் சரக்குதான். துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு) கிருமியின் மேல்சவ்வைக் குலைத்து, உள்ளே போய்ப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. சீழ்க் கிருமி எது, தயிர்க் கிருமி எது என்று அது பார்ப்பதில்லை.

கட்டுரையாளர் தாமிர நானோத் துகளையும் ஒரு வரியில் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். தாமிரம் எங்களுக்குப் புதிதல்ல. தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறோம். ஆட்டுக் குளம்பு அழுகினால் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் காலை நனைக்கிறோம். அந்தத் தொட்டியிலிருந்து ஆடு ஒரு வாய் குடித்துவிடாமல் காவல் நிற்பதுதான் பெரிய வேலை. மாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்த்துவைத்து, ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் விட்டுவிடும். கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுத்துப் போகும், ஓரிரு நாளில் ஆடு விழுந்துவிடும். மருந்து அடித்த தேயிலைச் சரிவில் ஆட்டை ஓட்டாமல் இருப்பதும் இதனால்தான். தாமிரத்தைப் பொடியினும் பொடியாக்கிப் புண்ணில் பூசச் சொல்பவர்கள் செம்மறி வைத்திருப்பவர்களை ஒரு சொல்லாவது எச்சரித்திருக்க வேண்டாமா?

கிருமிகள் வெள்ளிக்குப் பழகாது என்று எழுதியிருப்பதும் சரியல்ல. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீக்காய வார்டில், வெள்ளி நைட்ரேட்டுக்கு அசையாத சால்மொனெல்லா கிருமி 1975லேயே பதிவாகியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கை இஷ்டத்துக்குப் போட்டுக் கெடுத்தோம். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் அரசே தடை போட வேண்டியதாயிற்று. வெள்ளியையும் அதே கணக்கில் கடைக்குக் கடை அவிழ்த்துவிட வேண்டாம்.

மருந்தே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறோம். கேட்கும் மாடும் உண்டு, கேட்காத மாடும் உண்டு. கேட்காத மாட்டுக்கு வேறு வழி வந்தால் முதலில் வாங்குபவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாத கொட்டகையில், சாணமும் சேறும் ஈரமுமாக இருக்கும் காலில் அது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறிகளுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரிச் செம்மறியில் இந்த மருந்துகளைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான இடம் எது?

கட்டுரையாளர் அடுத்த இதழில் பால் விலக்கும் நாள் கணக்கையும் செம்மறிக்கான அளவையும் எழுதினால் நல்லது. மிச்ச ஸ்பிரே கொட்டகை உத்தரத்தில் செருகிக் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் தம் ஆடுகளுக்கென்று அதைத் திருப்பிக் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.