முனை மழுங்கிய நட்சத்திரம்

கண்ணு,

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் போர்வைக்காக நீ தைத்த நட்சத்திரத்தின் போட்டோவைக் காலையிலிருந்து நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். எட்டு முனையில் மூன்று முனை தையலுக்குள் போய்விட்டது, தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். என்னுடைய பழைய சுங்குடிச் சேலையை வெட்டி, குழந்தை தூங்கும் நேரத்தில் தைத்தது அது. எனக்கு அது தங்கம்.

போன வருடம் உன் பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தபோது, உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பாட்டியம்மா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் ஒஹையோ ஸ்டார் என்கிற இதே எட்டு முனை நட்சத்திரம்தான். 1930களின் கஷ்ட காலத்தில் அமெரிக்காவில் மாவு மூட்டைத் துணியைக்கூட வீணாக்காமல் குவில்ட் தைத்தார்களாம். அதைக் கேட்டதும் உன் அம்மாச்சி நினைவுதான் வந்தது. நீ பிறந்தபோது பழஞ்சேலையை நாலாக மடித்து, ஓரம் ஓட்டி, உன்னைப் படுக்கவைத்தது அவள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் ரவிக்கை தைத்த கை என்னுடையது. ரவிக்கையில் உள்ளே ஒரு இன்ச் துணி விடுவோம், பின்னால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். குவில்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. எல்லாத் தையலும் ஓரத்திலிருந்து கால் இன்ச், அதாவது நம் கணக்கில் இரண்டு நூல். நான் முதலில் தைத்த பிளாக்கில், அதாவது குவில்ட்டின் ஒரு கட்டத்தில், பழக்க தோஷத்தில் மூன்று நூல் தள்ளித் தைத்துவிட்டேன். ஒரு நூல்தானே என்று தோன்றும். ஆனால் தையலின் இரண்டு பக்கத் துணியிலும் ஒவ்வொரு நூல் போகும். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக நாலு நூல். பன்னிரண்டரை இன்ச் வரவேண்டிய பிளாக் பன்னிரண்டில் நின்றது.

அதனால் முதலில் இதைச் செய். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, வரிசையாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அள. சரியாக ஒரு இன்ச் இருந்தால் உன் தையல் சரி. குறைந்தால் அரை நூல் ஓரமாக ஓட்டிப் பார். துணி மடியும்போது கொஞ்சம் அகலத்தைத் தின்றுவிடும்.

ஆனால் உன் போட்டோவைப் பார்த்தால் தையலைவிட உடுக்கைத் துண்டில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. நாலு முக்கோணம் சேர்ந்த சதுரம், பார்க்க உடுக்கை மாதிரி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். இந்த பிளாக்கில் இருப்பதே ஒன்பது துண்டு: நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து வெறும் சதுரம், அவற்றுக்கு இடையில் நாலு உடுக்கை. சதுரத்தில் பிழை வராது. நட்சத்திரத்தின் எட்டு முனையும் இந்த நாலு உடுக்கையில்தான் இருக்கிறது.

புதிதாக ஒன்று தைத்துப் பார். அடர் நிறத்தில் ஒன்று, வெளிர் நிறத்தில் ஒன்று, ஐந்தரை இன்ச் சதுரம் வெட்டிக்கொள். முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போடு. கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு நூல் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டு. விரித்து, தையல் அடர் துணிப் பக்கம் சாயும்படி இஸ்திரி போடு. இப்போது இரண்டு சதுரம் கிடைக்கும். அவற்றை மறுபடி முகத்தோடு முகம் வை, அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் வரவேண்டும். முதல் தையலுக்குக் குறுக்கே மூலைக்கு மூலை கோடு போட்டு, அதே மாதிரி தைத்து வெட்டினால் இரண்டு உடுக்கை.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அது நாலரை இன்ச்சைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். நீ ஒரே பக்கமாக நறுக்கிவிட்டாய் போலிருக்கிறது, உன்னுடையதில் உடுக்கையின் இடுப்பு நடுவில் இல்லை. சதுர ஸ்கேலில் மூலைக்கு மூலை ஓடும் சாய்வுக் கோட்டைத் தையல்மேல் வை. இரண்டேகால் இன்ச் புள்ளி, தையல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சரியாக உட்காரட்டும். இரண்டு பக்கம் நறுக்கி, துண்டைத் திருப்பி, மறுபடி அதே மாதிரி வைத்து மீதி இரண்டு பக்கத்தை நறுக்கு. நாலு மூலையிலும் தையல் சரியாக மூலையில் போய் முடிந்தால் முனை தப்பிக்கும்.

சுங்குடி பழசு, நன்றாக நைந்து மெத்தென்று ஆகிவிட்டது. முக்கோணத்தின் சாய்வு ஓரம் கிராஸ் கட்டிங் ரவிக்கை மாதிரி இழுத்த இழுப்புக்கு நீளும். வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடு. தைத்த பிறகு பெட்டியைத் தேய்க்காதே, தூக்கித் தூக்கி வை.

சேர்க்கும்போது வெளிர் முக்கோணம்தான் நடுச்சதுரத்தைத் தொடவேண்டும். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் தையலை மூலைச் சதுரத்தின் பக்கம் சாய்த்துவிடு, நடு வரிசையில் நடுச்சதுரத்தின் பக்கம். வரிசைகளைச் சேர்க்கையில் இரண்டு மடிப்பும் எதிரெதிரே பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும்.

அந்த மூன்று முனை இல்லாத நட்சத்திரத்தை அப்படியே எடுத்து வை. நான் வரும்போது குட்டிப் பையனுக்குத் தலையணை உறையாக்கிவிடுகிறேன். இப்போதைக்கு ஒரே ஒரு உடுக்கை மட்டும் தைத்து, ஸ்கேலை மேலே வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு மீதியை வெட்டு.

அம்மா