ஊராட்சித் தலைவர் இல்லாத ஐந்தாண்டுகளுக்கும் ஓர் அமர்வு கொடுங்கள்

பாளையங்கோட்டையில் நீதிப் புனராய்வும் (சட்டமும் அரசின் செயலும் அரசமைப்புக்குப் பொருந்துமா என்று நீதிமன்றம் பார்ப்பது) மக்களாட்சியும் குறித்துக் கருத்தரங்கம் நடத்தவிருக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். அழைப்பிதழைக் கண்டேன். கேசவானந்த பாரதி வழக்குக்கு மட்டும் இரண்டு அமர்வுகள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று 1973இல் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று தீர்த்தது பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளாட்சி என்ற சொல்லே அழைப்பிதழில் இல்லையே.

2016 அக்டோபரில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை கண்டு உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. டிசம்பர் 31க்குள் தேர்தலை நடத்தச் சொன்னது, அதுவும் சரி. அந்தத் தேதி போனது, பின்னால் வந்த தேதிகளும் போயின. தலைவர்களுக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களின் காலம்தான் நீண்டுகொண்டே போனது. 2019இல் மற்ற மாவட்டங்களில் பெரும்பாலானவை வாக்களித்தன. தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது, வார்டு வரையறை முடியவில்லை என்று நெல்லைக்கு அப்போதும் இல்லை. எங்கள் விரலில் மை பட்டது 2021 அக்டோபரில்.

இடையில் ஒரு கோடையில் ஊர் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்தது. முன்பெல்லாம் தலைவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தை வைத்து எங்கள் ஆச்சி ஒரு மூச்சு ஏசினால், சாயங்காலத்துக்குள் மோட்டார் பழுது பார்க்கப் போய்விடும். இந்த முறை ஏசுவதற்கு வாசல் இல்லை. தனி அலுவலருக்கு எங்களோடு இன்னும் பல ஊர்கள். மூன்று முறை போனோம், மூன்று முறையும் அவர் வேறோர் ஊரில். பதினோரு நாள் வயல் பம்புசெட்டுக்கு நடந்தோம். "ஓட்டு வாங்கினவனைத்தான் ஏச முடியும். இவர் என்னிடம் என்ன வாங்கினார்?" என்றாள் ஆச்சி.

மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று உங்கள் மேடையில் ஒருவர் கேட்பார். பெரும்பான்மையிடமிருந்து எளியோரைக் காக்க வேறு யார் என்பார் இன்னொருவர். இருவருக்கும் கைதட்டு. எங்கள் கதையில் நீதிமன்றம் எளியோர் பக்கம்தான் நின்றது. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்களோ மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ரத்து செய்வதற்கு இருந்த வலு, குறித்த நாளில் நடத்தவைப்பதற்கு ஏன் இல்லாமல் போயிற்று? இதைப் பேச ஓர் அமர்வு கொடுங்கள்.

உத்திரமேரூர்க் குடவோலையை எப்படியும் யாராவது இழுப்பார்கள். அதற்கும் நூறாண்டு முந்தியது எங்கள் மானூர்க் கல்வெட்டு. சபையில் எது வந்தாலும் 'அன்று, அன்று' (அதாவது 'அல்ல, அல்ல') என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. அந்த ஐந்தாண்டுக்குக் கணக்குப் பார்த்து வசூலித்தால் மானூர்க் குளத்தையே தூர்வாரிவிடலாம்.

சற்று மிஞ்சிப் பேசிவிட்டேன், பொறுத்தருள்க. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயரும் நேரமானாலும் சரி, ஓர் அமர்வு. ஆச்சியை நானே அழைத்து வருகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
மானூர் வட்டாரத்து வாக்காளன்