கோர்ட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவில் மைக்கைக் கொடுத்தபோது கோப்பைகளைப் பற்றிப் பேசியதிலேயே நேரம் முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியவர்களைச் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் அம்மாவுக்கு. ஒரு அணியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி பெரும்பாலும் செமஸ்டர் பரீட்சையை ஒட்டித்தான் வரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வான பிள்ளை முகாமுக்கும் போக வேண்டும், போட்டிக்கும் போக வேண்டும். முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி வேறு. நன்றாக ஆட ஆட அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். எந்த எதிரணியும் என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை. ஆட்டத்துக்குப் போன நாட்களையும் வருகையாகக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்தால் அன்றே கையெழுத்துப் போடுவார் அந்த அம்மா. விட்டுப்போன இன்டர்னல் டெஸ்ட்டைச் சனிக்கிழமை தனியே உட்காரவைத்து எழுத வைப்பார். மார்க் மட்டும் அரைகூடச் சேர்த்துப் போட மாட்டார். அதுவும் சரிதான்.

அப்புறம் எங்கள் பெயின்டர் அண்ணாச்சி. 2010இல் புது விதிகள் வந்தன. வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும் அந்த மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குப் போனது, ரிங்குக்குக் கீழே இருந்த சரிவகக் கட்டம் செவ்வகமானது. சுற்றறிக்கையில் படிக்கச் சின்ன விஷயம். சிமென்ட் தரையில் பழைய கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவருக்குத்தான் தெரியும். ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடத்தில் ஆணி அடித்து, நூல் கட்டி வளைவு போட்டுப் பார்த்தார். நூல் இழுபட்டுக் கோடு கோணியதும் அதை அவிழ்த்துவிட்டு மெல்லிய கம்பியைக் கட்டினார். “அரை மீட்டருக்கு இவ்வளவு பாடா மேடம்?” என்றார். “நாளைக்கு வந்து பாருங்க அண்ணாச்சி, எங்க பிள்ளைங்க போடுற பந்தெல்லாம் ரிங்குக்கு முன்னாலேயே விழும்” என்றேன். விழத்தான் செய்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் முன்னால் கூப்பிடாமலே பெயின்ட் டப்பாவோடு வந்துவிடுவார்.

நடுவர் நண்பர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 2000இல் இருபது நிமிடப் பாதிகள் போய்ப் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன. பந்தை எறிய இருந்த 30 விநாடி 24 ஆனது. அந்த விநாடிகளைக் காட்டும் ஷாட் கிளாக் எங்களிடம் கிடையாது. மாலைப் பயிற்சிக்கு ஸ்டாப்வாட்ச்சோடு வந்து, எல்லைக்கோட்டில் நின்று தொண்டை வற்ற எண்ணிக் கத்துவார். பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் அந்தக் குரல் கேட்டிருக்கும்.

ஹாஸ்டல் மெஸ் அக்கா, பயிற்சி முடிந்து நேரம் கழித்து வரும் பிள்ளைகளுக்குச் சாம்பாரை மறுபடி சூடாக்கி, ஆளுக்கு ஒரு முட்டையும் வைப்பார். அந்த முட்டையைக் கணக்கில் எப்படி எழுதினார் என்று நான் கேட்டதில்லை. இனியும் யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். “பொம்பளப் பிள்ளையை டிரவுசர் போட்டு வெளியூருக்கு அனுப்புறியா?” என்ற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொன்னது நானில்லை, அவர்கள்தான். ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னதை நம்பி அனுப்பினார்கள், எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 2021இல் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் முன்னாள் கேப்டன் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு, வீடு தேடிப் போய்ப் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபமானது. அவருக்கு என்னைத் தெரியாது. இருந்தாலும் அவருக்கும் என் நன்றி.

புது கோச் அடுத்த வாரம் பொறுப்பேற்கிறார். இளம் பெண், நல்ல ஆட்டக்காரி. ஸ்டோர் ரூம் சாவியும் ஸ்டாக் ரெஜிஸ்டரும் ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். பெண்கள் ஆடும் அளவான ஆறாம் நம்பர் பந்துகளில் பாதி வழவழத்துவிட்டன, முன்னாள் மாணவிகள் யாராவது வாங்கித் தந்தால் புண்ணியமாகப் போகும். துறைத் தலைவர்களே, புது கோச் ஓ.டி. கடிதத்தோடு வந்தால் அலையவிடாமல் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கோச் மேடம்