வம்பயர் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. சிட்னி டார்லிங் ஹார்பரில் பிள்ளைகள் ஏறி விளையாடியது வம்பயர் என்ற பெயரில் வந்த இரண்டாவது போர்க்கப்பல், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டியது. முதலாவது வம்பயர் மூழ்கியது நம்முடைய மட்டக்களப்புக் கடலில். இங்கே கேட்டால் எல்லாரும் அதோடு மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பெரிய கப்பலின் கதையைத்தான் சொல்வார்கள். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிற அதைப் பார்க்க வெளிநாட்டுச் சுழியோடிகள் வருகிறார்கள். அதற்குக் காவலாகப் போன வம்பயரைக் கேட்பாரில்லை.

அது 1917இல் இங்கிலாந்தில் கடலில் இறக்கிய நாசகாரிக் கப்பல். 1933இல் அவுஸ்திரேலியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். போர் தொடங்கியதும் அதோடு சேர்த்து ஐந்து பழைய நாசகாரிகள் மத்தியதரைக் கடலுக்குப் போயின. ஜேர்மன்காரர் பழைய இரும்பு என்று நக்கலடித்தார்கள். மாலுமிகள் அதையே தங்கள் அணிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்! அந்தப் பழைய இரும்புதான் முற்றுகைக்குள் கிடந்த லிபியாவின் டோப்ரூக் துறைமுகத்துக்குப் போய்வந்தது.

அப்புறம் மலாயா. 1941 டிசம்பர் 10இல் ஜப்பானிய விமானங்கள் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களையும் மூழ்கடித்தன. தண்ணீரில் தத்தளித்தவர்களில் 225 பேரை வம்பயர் தூக்கியது. ரிபல்ஸ் கப்பலின் கப்டன் டெனன்டும் அவர்களில் ஒருவர். அடுத்த மாதக் கடைசியில் மலாயாக் கரையில் எண்டாவ் பக்கம் இரவுச் சண்டை. கூடப் போன தானெட் என்ற நாசகாரி மூழ்கியது, இது தப்பி வந்தது.

1942 ஏப்ரல் 8 இரவு, திருகோணமலையில் தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து ஹெர்மிஸும் வம்பயரும் தெற்கே விலகிப் போயின. மறுநாள் காலை திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்டுவிட்டார்கள். ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. எனக்கு ஆறாத விசயம் இதுதான். விமானம் இல்லாத விமானந்தாங்கிக்கு ஒரு கிழட்டு நாசகாரியைக் காவல் விட்டால் என்ன நடக்கும்? கரையிலிருந்து வரவேண்டிய விமானங்களும் நேரத்துக்கு வரவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் ஹெர்மிஸ் போய்விட்டது, 307 பேர் செத்தார்கள். பிறகு குண்டுகள் வம்பயர் மேல் விழுந்தன. இரண்டாகப் பிளந்து மூழ்கியது. தளபதி மொரானும் போனார். ஆனாலும் அதில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. பக்கத்தில் வந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் இரண்டு கப்பல்களிலும் மிஞ்சிய சுமார் 600 பேரை ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

பெரியவனுக்கு இதைச் சொல். கப்பல் என்றால் அவனுக்குப் பைத்தியம்தானே. டிசம்பரில் டிக்கெட் போடாதே, வாடைக் கடலில் போட் போகாது. ஏப்ரலில் வந்தால் பாலமீன்மடுவில் தெரிந்த ஒருவரின் போட்டில் கூட்டிப்போகிறேன். அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், வரும் யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா